தண்டவாளத்து மஞ்சள் பூக்கள்: இயற்கைக் கலப்பினங்களும் நாம் இடும் பெயர்களும்



மொழி மன்றத்து மேடையில் களைச்செடிகளைப் பற்றிப் பேச ஒருவர் வருவது உங்களுள் சிலருக்கு வியப்பாக இருக்கலாம். ஆயினும் இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் ஒரு பெயர்ப்பலகையில் தொடங்குகிறது. ஆகவே மன்றத்திற்கு முற்றிலும் புறம்பானதன்று. அந்தப் பலகையைப் பற்றிச் சற்றுப் பின்னர்ச் சொல்கிறோம். முதலில் அது நின்ற மண்ணைப் பார்த்துவிடுவோம்.

பிரிக்பீல்ட்ஸ் அருகிலுள்ள சென்ட்ரல் நிலையத்தில் கிள்ளான் செல்லும் இரயிலில் ஏறிச் சன்னலோரம் அமர்ந்துகொள்ளுங்கள். பந்தாய் டாலாம், பெட்டாலிங், சுபாங் ஜெயா, பத்து தீகா, ஷா ஆலாம் என நிலையங்கள் கடந்து செல்லும். கட்டடங்களுக்கும் தண்டவாளத்துக்கும் இடையே யாரும் உரிமை கொண்டாடாத ஒரு பச்சைக் கீற்று கூடவே வரும். லாலான் புல், தொட்டாற்சுருங்கி, உண்ணிச்செடி, சென்டுடுக் என்று மலாய்க்காரர் அழைக்கும் ஊதாப்பூச்செடி, இவற்றினூடே தரையோடு தரையாகப் படர்ந்து பொன்னிறத்தில் பூத்துக் கிடக்கும் ஒரு கொடி. மேலை நாட்டார் வைக்கோலுக்காகப் பேணும் பூம்புல்வெளிகள் நம் நாட்டில் இல்லை. நமக்கு வாய்த்த பூம்புல்வெளி இந்த இரயில்பாதைக் கரைதான்.

இந்தப் பாதை பழையது. 1886ஆம் ஆண்டு கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் ஆற்றின் கரையிலுள்ள புக்கிட் கூடா வரை இரயில் ஓடத் தொடங்கிற்று. ஆற்றின்மேல் பாலம் அமைந்த பின்னர் 1890இல் வண்டி கிள்ளான் நகருக்குள் நுழைந்தது. 1881ஆம் ஆண்டுத் தீயில் பெருமளவு எரிந்துபோன கோலாலம்பூரைச் செங்கல்லால் கட்டி எழுப்பியபோது, செங்கற்சூளைகள் இருந்த இடமே பிரிக்பீல்ட்ஸ் என்று பெயர் பெற்றது. களிமண்ணைத் தோண்டிய குழிகளும் இரயில் பணிமனைகளும் பணியாளர் குடியிருப்புகளும் நிறைந்த பகுதி அது. யாழ்ப்பாணத்திலிருந்தும் தமிழகத்திலிருந்தும் வந்த நம் முன்னோர் பலர் இரயில்வேயில் பணியாற்றி அங்கேதான் குடியிருந்தனர். மண்ணைத் தோண்டுதல், கொட்டுதல், சரளை பரப்புதல், காட்டை வெட்டி வெளிச்சம் விடுதல் ஆகிய இந்நான்கும் ஒருசேர நிகழ்ந்த நிலம் இது. கலப்பினப் பூக்களைத் தேடும் தாவரவியலார் உலகெங்கும் இத்தகைய நிலத்தையே முதலில் சென்று பார்க்கிறார்கள். காரணம் போகப் போகத் தெரியும்.

இனிப் பெயர்ப்பலகைக்கு வருவோம். சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு தமிழ்ப்பள்ளியில் மூலிகைத் தோட்டம் அமைத்தார்கள். துளசி, தூதுவளை, ஓமவல்லி, ஆடாதோடை எனப் பத்துப் பதினைந்து செடிகள். அவற்றுக்கெல்லாம் பெயரும் பயனும் எழுதித் தருமாறு நம்மைக் கேட்டார்கள்; மகிழ்ந்து எழுதித் தந்தோம். மேற்சொன்ன மஞ்சள் பூங்கொடியும் அத்தோட்டத்தின் ஒரு பாத்தியில் செழித்திருந்தது. அதன்முன் 'மஞ்சள் கரிசலாங்கண்ணி: கல்லீரலுக்கும் கண்ணுக்கும் நல்லது' என்று எழுதிய பலகையை நட்டது நாமே. சில வாரங்கள் கழித்து ஒரு மாணவன் அந்தக் கொடியின் இலைகளைப் பறித்துக்கொண்டு போய்த் தன் பாட்டியிடம் கொடுத்திருக்கிறான். அந்த அம்மையார் தோட்டப்புறத்தில் பிறந்து வளர்ந்தவர். இலையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "கரிசாலை இலைக்கு மூணு மூக்கு ஏதுடா ஐயா? இது ரோட்டோரத்து அழகுச் செடி" என்று சொல்லித் தூக்கி எறிந்துவிட்டாராம். மறுநாள் அந்தப் பிள்ளை இதை வகுப்பில் சொன்னான். பாட்டி கூறியதே சரி. பலகை பிழை, அதை எழுதிய நாமும் பிழை.

நாம் குழம்பிய இடம் எது? தமிழில் கரிசலாங்கண்ணி என்பது ஒரே செடியின் பெயரன்று. வெள்ளைப் பூப் பூப்பது ஒன்று. கையாந்தகரை, கரிசாலை என்றெல்லாம் வழங்கும். எக்லிப்டா புராஸ்ட்ரேட்டா என்பது அதன் அறிவியற் பெயர். மஞ்சட்பூப் பூப்பது மற்றொன்று. அதன் பழைய பெயர் பொற்றலைக் கையாந்தகரை. பொன் போன்ற தலையை உடையது என்று பொருள். வள்ளலார் தம் அன்பர்க்கு வகுத்த அன்றாட ஒழுக்கமுறைகளில் இடம்பெறும் கீரைகளுள் கரிசலாங்கண்ணியும் ஒன்று என்பதைப் பலரும் அறிவர். இரண்டும் சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்தவை. அக்குடும்பத்தில் நாம் 'ஒரு பூ' என்று பார்ப்பது உண்மையில் பல சிறு பூக்கள் நெருங்கி அமைந்த ஒரு தலையாகும். நுண்ணோக்கி இல்லாத காலத்தில் அந்தச் செடிக்குப் 'பொற்றலை' என்று பெயரிட்டவர் எவரோ, அவர் கண்ணை நாம் வணங்குகிறோம்.

பொற்றலையின் அறிவியற் பெயர் சுபாக்னெட்டிகோலா கேலண்டுலேசியா. முன்னர் வெடேலியா கேலண்டுலேசியா என வழங்கியது. 1956ஆம் ஆண்டு சென்னை மாநிலக் கல்லூரியில் வேதியியலறிஞர் டி. ஆர். கோவிந்தாச்சாரியும் அவருடைய மாணவர்களும் இச்செடியிலிருந்து பிரித்தெடுத்த ஒரு பொருளின் கட்டமைப்பைக் கண்டறிந்து வெளியிட்டனர். அதற்கு இட்ட பெயர் வெடெலோலாக்டோன். கல்லீரலைப் பற்றிய ஆய்வுகளில் அப்பெயர் இன்றும் அடிபடுகிறது.

நம் இரயில்பாதைக் கரையிலும் நெடுஞ்சாலைச் சரிவுகளிலும் பாய் விரித்தாற்போல் கிடப்பது வேறு செடி. சுபாக்னெட்டிகோலா டிரைலோபேட்டா என்பது அதன் பெயர். அப்பெயரிலேயே அடையாளம் இருக்கிறது; மூன்று மடல் உடையது என்று பொருள். பாட்டி சொன்ன மூன்று மூக்கு அதுவே! ஆங்கிலத்தில் இதைச் சிங்கப்பூர் டெய்சி என்பர். ஆனால் சிங்கப்பூருக்கும் இதன் பிறப்புக்கும் தொடர்பில்லை. இது வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்தது. மண்ணரிப்பைத் தடுக்கவும் அழகுக்காகவும் சாலையோரங்களில் நட்டார்கள். நட்ட இடத்தில் நிற்காமல் ஓடியது. உலகின் மிகக் கொடிய 100 அயல் ஆக்கிரமிப்பு உயிரினங்கள் எனப் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் தொகுத்த பட்டியலில் இதுவும் இருக்கிறது. நம் உண்ணிச்செடியும் அதே பட்டியலில் உண்டு.

இவ்விரண்டையும் பிரித்தறிவது கடினமன்று. பொற்றலையின் இலை ஒடுங்கி நீண்டது, விளிம்பில் பற்கள் குறைவு, தண்டு மெலிந்தது, பூத்தலை சிறியது. அமெரிக்கச் செடியின் இலை தடித்துப் பளபளப்பது, இரு பக்கமும் ஒவ்வொரு மடல் புடைத்து நடுவே ஒரு மடல் நீளும், பூத்தலை பெரியது. இத்துணை எளிய வேறுபாட்டை நாம் ஏன் காணவில்லை? 'மஞ்சள் கரிசலாங்கண்ணி' என்ற பெயர் முன்னரே மனத்தில் இருந்தது. மஞ்சட்பூ கண்ணில் பட்டதும் பெயர் ஓடிப்போய் ஒட்டிக்கொண்டது. பெயர் வந்தபின் கண் வேலை செய்வதை நிறுத்திவிட்டது.

இதுவரை சொன்னது இரண்டு செடிகளின் கதை. கலப்பினம் இனித்தான் வருகிறது. பொற்றலை தென்சீனத்திலும் இயல்பாக வளரும் செடி. அமெரிக்கச் செடி அங்கும் போய்ச் சேர்ந்து வயல் வரப்பிலும் வாய்க்கால் ஓரத்திலும் பரவிப் பொற்றலையின் அருகே வந்து நின்றது. கடல்கள் பிரித்து வைத்திருந்த இரு உறவினர் ஒரே வரப்பில் சந்தித்தனர். தேனீக்கும் வண்ணத்துப்பூச்சிக்கும் இரண்டும் மஞ்சள்தானே. குவாங்டோங் மாநிலத்தில் இரண்டுக்கும் இடைப்பட்ட உருவமுடைய செடிகளைத் தாவரவியலார் கண்டனர். மரபணுவைச் சோதித்தபோது அவை இவ்விரண்டும் கலந்து பிறந்தவை என்று உறுதியாயிற்று. அந்த மாநிலத்தின் பெயராலேயே அக்கலப்பினத்துக்கு அறிவியற் பெயரும் சூட்டியிருக்கிறார்கள். அது விதையை நம்பி வாழ்வதன்று. தண்டின் கணுக்கள் மண்ணைத் தொட்டவிடத்து வேர்விட்டுப் பரவும். புல்வெட்டும் இயந்திரம் தண்டைத் துண்டாடி எறிந்தால், எறிந்த இடத்தில் ஒரு செடி.

இதனால் வரும் தீங்கு யாது? பொற்றலை ஆங்காங்கே சிறு கூட்டங்களாக வாழ்வது. அதைச் சூழ்ந்து அமெரிக்கச் செடி பெருங்கூட்டமாக நின்றால், பொற்றலையின் பூவுக்கு வந்து சேரும் மகரந்தத்தில் பெரும்பகுதி அயலாருடையதாக இருக்கும். தன் இனத்து விதையை உண்டாக்க வேண்டிய பூ கலப்பு விதைக்குச் செலவாகிவிடும். வெட்டாமல், பிடுங்காமல், நஞ்சிடாமல் ஓர் இனம் தேய்ந்து போவதற்கு இதுவும் ஒரு வழி. தாவரவியலார் இதனை மரபணுவில் மூழ்கடித்தல் என்பர். இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். மூன்று செடிகளுக்கும் 'மஞ்சள் கரிசலாங்கண்ணி' என்ற ஒரே பெயரை நாம் வழங்கிக்கொண்டிருந்தால், உண்மையான பொற்றலை ஓர் ஊரிலிருந்து மறைந்த நாளை அந்த ஊரார் அறியவே மாட்டார்கள். பெயர் உயிரோடு இருக்கும். பாத்தி பொன்னிறமாகவே இருக்கும். மருந்து மட்டும் இராது.

கலப்பு என்றாலே கேடு என்று இதிலிருந்து முடிவு கட்டிவிடக் கூடாது. இயற்கை அத்தனை எளிய பாடம் நடத்துவதில்லை.

இரண்டு இனங்கள் கலவாமல் இருப்பதற்குப் பல வேலிகள் உண்டு. ஒன்று காட்டு நிழலிலும் மற்றொன்று திறந்த வெளியிலும் வாழலாம். ஒன்று காலையிலும் மற்றொன்று இரவிலும் பூக்கலாம். ஒன்றைத் தேனீயும் மற்றொன்றை அந்துப்பூச்சியும் நாடலாம். மகரந்தம் வந்து விழுந்தாலும் சூல்முடி ஏற்காமல் போகலாம். இங்கிலாந்தில் பிரிம்ரோஸ் என்னும் வெளிர்மஞ்சட் பூ மரநிழலை விரும்புவது. கௌஸ்லிப் என்னும் அடர்மஞ்சட் பூ திறந்த புல்வெளியை விரும்புவது. நிழலும் வெளியும் சந்திக்கும் வேலியோரத்தில், இரண்டுக்கும் நடுத்தரமான பூங்கொத்தோடு அவற்றின் கலப்பினம் நிற்கும். எல்லை எங்கே மங்குகிறதோ அங்கேதான் கலப்பினம். இப்போது நம் இரயில்பாதையை நினைத்துக்கொள்ளுங்கள். அது கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் வரை நீண்டுகிடக்கும் ஓர் எல்லை.

இரயில் ஒரு கலப்பினத்தை உண்டாக்கிய வரலாறு தாவரவியலில் புகழ்பெற்றது. இத்தாலியின் சிசிலித் தீவில் எட்னா எரிமலை இருக்கிறது. அதன் உச்சிப்பகுதியில் ஒரு செனிசியோ இனமும் அடிவாரத்தில் மற்றோர் இனமும் வளர்கின்றன. இடையே இரண்டும் கலந்தவை வாழ்கின்றன. அக்கலப்புச் செடிகளை இங்கிலாந்துக்குக் கொண்டுபோய் 18ஆம் நூற்றாண்டில் ஆக்ஸ்போர்டு தாவரவியல் தோட்டத்தில் வளர்த்தார்கள். அது தோட்டத்தை விட்டுத் தப்பி நகரத்து மதிற்சுவர்களில் ஏறியது. 1844இல் ஆக்ஸ்போர்டுக்கு இரயில் வந்தது. தண்டவாளத்தின் அடியில் கொட்டிய கரிக்கட்டிக் கசடு, எரிமலைச் சரளையில் பிறந்த அச்செடிக்குத் தாய்வீடு போலாயிற்று. பஞ்சு முளைத்த அதன் விதைகள், ஓடும் வண்டிகள் எழுப்பிய காற்றில் பறந்து நாடெங்கும் சென்றன. போன இடங்களில் அந்நாட்டின் பழைய களைச்செடியாகிய வேறொரு செனிசியோவைச் சந்தித்தது.

அச்சந்திப்பிலிருந்து புதிய இனங்களே பிறந்தன. 1948இல் வேல்சு நாட்டில் ஒன்றைக் கண்டார்கள். மற்றொன்றை 1979இல் யார்க்கு நகரத்து இரயில் நிலையத்தை அடுத்த வண்டி நிறுத்துமிடத்தில் ரிச்சர்ட் ஆபட் என்னும் அறிஞர் கண்டார். அந்நகரின் உரோமானியப் பெயரைக் கொண்டு அதற்குச் செனிசியோ எபோராசென்சிசு என்று பெயர் வைத்தனர். உலகில் அந்த ஒரு நகரத்தைத் தவிர வேறெங்கும் இல்லாத பூ அது. நகரத்தில் களைக்கொல்லி தெளித்தார்கள். 1991க்குப் பின் அது காணப்படவில்லை. அதற்குள் சேமித்து வைத்திருந்த விதைகள் இங்கிலாந்தின் விதை வங்கியில் இருந்தன. அவற்றிலிருந்து வளர்த்த செடிகளின் விதையை 2023இல் மீண்டும் யார்க்கில் தூவினார்கள், மீண்டும் பூத்தது. வண்டி நிறுத்துமிடத்துக் களை ஒன்றுக்கு இத்தனை பாடா என்று கேட்பவர்கள் உண்டு. மனிதர் கண்முன்னே ஓர் இனம் பிறந்து, அழிந்து, திரும்பி வந்த கதை வேறெத்தனை இருக்கிறது என்பதே நம் மறுவினா.

மாணவர்கள் ஒன்று கேட்கலாம். கழுதையும் குதிரையும் கலந்து பிறக்கும் கோவேறு கழுதைக்கு வழித்தோன்றல் இல்லையே. கலப்பினப் பூ மட்டும் புதிய இனமாவது எங்ஙனம்? விடை குரோமோசோம் கணக்கில் இருக்கிறது. அமெரிக்காவின் வாஷிங்டன், ஐடஹோ மாநிலங்களை எடுத்துக்கொள்வோம். ஐரோப்பாவிலிருந்து திராகோபோகன் என்னும் பேரினத்துப் பூச்செடிகள் மூன்று 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே போய்ச் சேர்ந்தன. ஒவ்வொன்றுக்கும் குரோமோசோம்கள் 12. தாயிடமிருந்து 6, தந்தையிடமிருந்து 6 எனப் பெற்ற கலப்புப் பிள்ளைக்கும் 12தான். ஆனால் இந்த ஆறும் அந்த ஆறும் வெவ்வேறு இனத்தவை. மகரந்தமும் சூலும் உருவாகும் வேளையில் ஒன்றுக்கொன்று இணை சேர மறுக்கும். ஆகவே மலடு. எப்போதோ ஒருமுறை, உயிரணு பிரிவதில் நேரும் ஒரு தவற்றால் 12 என்பது 24 ஆகிவிடுகிறது. இப்போது ஒவ்வொரு குரோமோசோமுக்கும் தன்னைப் போன்றதோர் இணை கிடைத்துவிட்டது. செடி வளமுள்ள விதையைத் தருகிறது. தன் பெற்றோருடன் கலந்தால் கணக்கு இடிக்கும். தன்னை ஒத்தவற்றோடு கலந்தால் பொருந்தும். இதுவே புதிய இனம். மேரியன் ஓன்பி என்பவர் இவ்வாறு தோன்றிய இரண்டு இனங்களை 1950இல் உலகுக்கு அறிவித்தார். அந்தப் பூக்களின் வயது 100 ஆண்டுகளுக்கு மேல் இராது. நம் தமிழ்ப்பள்ளிகள் சிலவற்றைவிட இளையவை.

உள்ளூருக்குத் திரும்புவோம். உண்ணிச்செடியை நீங்கள் அனைவரும் அறிவீர்கள். மலாய்மொழியில் அதன் பெயர் 'கோழி எச்சப் பூ' என்று பொருள்படும். கசக்கி முகர்ந்தால் காரணம் விளங்கும். ஒரே கொத்தில் மஞ்சளும் இளஞ்சிவப்பும் கலந்திருப்பதைக் கண்டு, இதுதான் கலப்பினத்தின் அடையாளம் என்று சில மாணவர்கள் நினைக்கிறார்கள். அன்று, அந்தப் பூக்கள் மூப்படையும்போது நிறம் மாறுகின்றன, அவ்வளவே. ஆயினும் உண்ணிச்செடி கலப்பினம் என்பது மெய். வெப்பமண்டல அமெரிக்காவின் பல இனங்களை ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் ஒன்றோடொன்று கலந்து வளர்த்தார்கள். அக்கலவைச் செடிகளே கப்பலேறி ஆசியாவுக்கு வந்தன. கலப்பினமாகவே வந்து இறங்கி, வந்த நாட்டில் காடானது. தோட்டத்தில் தொடங்கிய கலப்பு எங்கே முடிந்தது, புதர்க்காட்டில் இயல்பாக நிகழும் கலப்பு எங்கே தொடங்கியது என்று இதில் கோடு கிழிக்க முயல்பவர்கள் களைத்துப்போவார்கள்.

மனிதர் கைபடாத கலப்பும் நம் நாட்டில் நெடுங்காலமாக உண்டு. தாழ்நிலச் சதுப்புக் காடுகளில் குரங்குப் பானை என்று மலாய்க்காரர் அழைக்கும் குடுவைச் செடிகள் வளர்கின்றன. அவற்றுள் குட்டையான உருண்டைக் குடுவை உடையது ஒன்று. அது பூச்சியைவிட மேலிருந்து உதிரும் இலைச்சருகுகளையே மிகுதியும் உண்ணும். உயர்ந்த, புள்ளியிட்ட குடுவை உடையது மற்றொன்று. இரண்டும் அருகருகே நிற்கும் இடங்களில் இடைப்பட்ட குடுவையோடு மூன்றாவது ஒன்று நிற்கும்; அதனை முன்பு தனி இனம் என்றே எண்ணிப் பெயரிட்டார்கள். இன்று அப்பெயரின் நடுவே ஒரு பெருக்கற் குறியை இடுகிறார்கள். அறிவியல் தன் பெயர்ப்பலகையைத் திருத்திக்கொள்ளும் முறை இது. நமக்குச் சற்று ஆறுதலாகவும் இருக்கிறது.

தோட்டத்துக்கும் காட்டுக்கும் நடுவே நின்று வழக்காடிய பூ ஒன்றும் இவ்வட்டாரத்தில் உண்டு. 1893இல் சிங்கப்பூரில் ஆக்னஸ் ஜோக்கிம் என்னும் ஆர்மீனிய மாதரின் தோட்டத்தில் பூத்த ஆர்கிட் அது. அதன் பெற்றோரில் ஒன்று, பேராக் மாநிலத்துக் கிந்தாப் பள்ளத்தாக்கின் சதுப்பில் மண்டிக் கிடந்ததால் 'கிந்தாக் களை' என்றே பெயர் பெற்றிருந்தது. அம்மையார் தாமே மகரந்தம் தூவி உண்டாக்கினாரா, மூங்கிற் புதரருகே தானாக முளைத்ததைக் கண்டெடுத்தாரா என்று நூறாண்டுக்கு மேல் வாதிட்டார்கள். 1981இல் அது சிங்கப்பூரின் தேசிய மலராயிற்று. வாதம் அதன் பின்னரும் ஓயவில்லை. இறுதியில் அதை உண்டாக்கியவர் அம்மையாரே என்று சிங்கப்பூரின் பூங்காத் துறை ஏற்றுக்கொண்டது. நம் நாடு 1960இல் தேசிய மலராக்கிய செம்பருத்தியோ, உலகில் எங்கும் காட்டுச்செடியாகக் காணப்படாதது.

இனி நம் சொற்களைப் பற்றிச் சிறிது. ஆசிரியர்கள் இதில் கருத்துச் செலுத்த வேண்டும் என்பது நம் வேண்டுகோள். 'ஒட்டு' என்ற சொல்லைத் தமிழில் இரண்டுக்கும் வழங்குகிறோம். ஒட்டு மாங்கன்று என்கிறோம். வீரிய ஒட்டு நெல் என்றும் சொல்கிறோம். முன்னது ஒரு மரத்தின் கிளையை மற்றொன்றின் அடித்தண்டில் பொருத்திக் கட்டுவது. அங்கே இரண்டு மரபுகள் கலப்பதில்லை, இரண்டு உடல்கள் சேர்ந்து வாழ்கின்றன. பின்னதில் மகரந்தமும் சூலும் கூடுகின்றன, மரபே கலக்கிறது. அறிவியல் வகுப்பில் இவ்விரண்டையும் ஒரே சொல்லால் சொன்னால், ஒட்டு மாவின் கொட்டையை நட்டால் அதே மா முளைக்கும் என்று பிள்ளைகள் எழுதுவதில் வியப்பில்லை. 'ஒட்டு' என்பதை முன்னதற்கும் 'கலப்பினம்' என்பதைப் பின்னதற்கும் நிலைநிறுத்திக்கொண்டால் குழப்பம் பெரிதும் தீரும்.

'கலப்பு' என்ற சொல்லே சிலருக்குக் கசக்கிறது என்பதையும் அறிவோம். நெய்யில் கலப்பு, பாலில் கலப்பு என்று கலப்படத்தோடு சேர்த்துக் கேட்டுப் பழகிய சொல். சாதியைப் பற்றிய பழம்பேச்சிலும் அடிபட்ட சொல். மாற்றுச் சொல் தேடுவோர் தமிழ் இலக்கணத்தின் பக்கம் திரும்பலாம். அங்கே 'மயக்கம்' என்ற சொல் இருக்கிறது. எந்த மெய்யெழுத்தை அடுத்து எந்த மெய் நிற்கலாம் என்பது மெய்ம்மயக்கம்; எல்லாம் எல்லாவற்றோடும் மயங்குவதில்லை, அதற்கு வரம்பு உண்டு. அகத்திணையியலில் தொல்காப்பியர் ஒரு நிலத்துக்குரிய பூவும் பறவையும் வேறொரு நிலத்தில் வருமாயின், அவற்றை வந்த நிலத்துக்குரியனவாகவே கொள்ள இடமளிக்கிறார். தொண்ணூற்றொன்பது பூக்களை நிரல்படச் சொன்ன கபிலரின் குறிஞ்சிப்பாட்டில் எல்லாப் பூக்களும் குறிஞ்சி நிலத்தவையல்ல என்பதையும் இங்கே நினைவுகொள்ளலாம். இதைக் கொண்டு தொல்காப்பியர் கலப்பினத்தை அறிந்திருந்தார் என்று நாளை யாரும் கட்டுரை எழுதிவிட வேண்டா. அவர் பேசியது செய்யுளின் நிலம். தூய தமிழ், கலப்புத் தமிழ் என்ற வழக்கிலும் இந்தச் செடிகளைச் சாட்சிக் கூண்டில் ஏற்ற நமக்கு விருப்பமில்லை. பூக்களுக்கு அந்த வழக்கில் அக்கறை இல்லை.

நம் கவலை எளியது. அமெரிக்கச் செடிக்குத் தமிழில் நிலைத்த பெயர் ஒன்று இல்லை. அதனால்தான் அது பொற்றலையின் பெயரைக் கடன்வாங்கித் திரிகிறது. பெயரில்லாத செடியைப் பார்க்கவும் பிரிக்கவும் பிள்ளைகளுக்குக் கற்பிப்பது கடினம். அந்தப் பள்ளியில் பலகையைப் பிடுங்கிய அன்று ஐந்தாம் ஆண்டு மாணவர்களிடமே கேட்டோம்: இதற்கு என்ன பெயர் வைக்கலாம்? 'சாலைப்பொன்' என்றாள் ஒரு சிறுமி. 'மும்மூக்கி' என்றான் பாட்டியிடம் இலை கொண்டுபோன பையன். 'அயற்பொற்றலை' என்றார் அவர்களுடைய ஆசிரியை. அது பாடநூலுக்குப் பொருந்தும். வாக்கெடுப்பில் மும்மூக்கியே வென்றது. எந்தப் பெயர் நிலைக்கும் என்பதை வழக்கு முடிவுசெய்யும். மன்றங்களால் ஒரு பெயரை முன்மொழியத்தான் இயலும்.

இப்போது அங்கே இரண்டு பலகைகள் இருக்கின்றன. பழைய பாத்தியின் முன்னே 'மும்மூக்கி. மருந்தன்று. பறிக்கலாம், தின்னற்க' என்று பிள்ளைகளே எழுதியிருக்கிறார்கள். தோட்டத்தின் மறுமூலையில் ஒரு தொட்டியில் மெய்யான பொற்றலை வளர்கிறது. அந்தப் பாட்டி தமக்குத் தெரிந்தவர் வீட்டிலிருந்து வாங்கித் தந்த தண்டு அது. இரண்டும் ஒரே நேரத்தில் பூக்கின்றன என்பதை மாணவர்கள் குறித்து வைத்திருக்கிறார்கள். ஆகவே தொட்டியின் அருகே வேறு செடிகள் முளைத்தால் அவற்றின் இலையை அளந்து, மடல் எத்தனை, பல் எத்தனை என்று ஒரு குறிப்பேட்டில் எழுதுகிறார்கள். சென்ற மாதம் பார்த்தபோது அந்தக் குறிப்பேட்டில் பதினோரு பக்கம் நிரம்பியிருந்தது. ஒரு பக்கத்தின் ஓரத்தில் சிவப்பு மையால் ஒரு வினாக்குறி இட்டிருந்தார்கள்; அதற்கு நேரே ஒட்டியிருந்த காய்ந்த இலைக்கு இடப்பக்கம் மட்டும் ஒரு சிறு மூக்கு இருந்தது.